கார்க் கூரை மழையும் ஓட்டைவாளியின் கடனும்

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் தன் காரில் உட்காருகிறவர்கள் பேசுவதையெல்லாம் ரகசியமாகப் பதிவு செய்து வெளியே விற்கிறார் என்று ஒரு வதந்தி கிளம்பியது. யாருக்கு விற்கிறார் என்பதில் மட்டும்தான் கருத்து வேறுபாடு. முடிவெட்டும் கடையில் விசாரித்தால் வருமான வரிக்காரர்களுக்கு. டீக்கடையில் விசாரித்தால் விவாகரத்து வக்கீல்களுக்கு. பழக்கடைக்காரர் ஒரு படி மேலே போய், “வெளிநாட்டுக்காரனுக்கு” என்றார்.

“நம்ம பேச்சு வெளிநாட்டுக்காரனுக்கு எதுக்குங்க?”

“அதத்தான் நானும் கேட்டேன். பதில் இல்ல. பதில் இல்லன்னாலே விஷயம் பெருசுன்னு அர்த்தம்.”

வதந்தியைக் கேட்டபடியே எழுதினால் செய்தி. கொஞ்சம் விசாரித்து எழுதினால் கதை. விசாரித்ததில் தெரியவந்தது இது: மாஸ்டர் காருக்குள் பதிவு செய்தது உண்மை. விற்றார் என்பது சுத்தப் பொய்; அவருக்குப் பழைய டயரைக்கூட விற்கத் தெரியாது. பேச்சைப் பதிவு செய்தாரா என்றால், அங்கேதான் கதை ஒரு குழியில் இறங்கி ஏறுகிறது.

மாஸ்டருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் பிரேக் மாஸ்டர். டிரைவிங் ஸ்கூல் காரில் சொல்லிக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும் அல்லவா, அதை மிதித்து மிதித்தே அவருக்கு வயசாகிவிட்டது. கால் இப்போது அவர் பேச்சைக் கேட்பதில்லை. சினிமாவில் கார் வேகமாகப் போனால் தியேட்டர் தரையை மிதிக்கும். மனைவி பாலை அடுப்பில் வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பினால் மிதிக்கும். “நான் வாயைத் திறந்தாலே உங்க கால் ஏங்க தரையை அமுக்குது?” என்று மாஸ்டரம்மா கேட்காத நாள் இல்லை. மாஸ்டரம்மா என்பது மனைவிக்குத் தெரு வைத்த பெயர். கடைவீதியில் உள்ள மெத்தைக் கடையில் தலையணை உறை தைப்பது அவள் வேலை. வாய்க்கும் தையல் மிஷினுக்கும் போட்டி வைத்தால் மிஷின்தான் முதலில் சூடாகி நிற்கும்.

மழை பெய்தால் கற்றுக்குட்டிகளை வைத்துக்கொண்டு ஓட்ட முடியாது. அப்படிப்பட்ட நேரங்களில் மாஸ்டர் காரை ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, முன்பக்கப் பலகையில் ஒரு சின்ன ரெக்கார்டரை வைப்பார். காற்றுச் சத்தம் ஏறாமலிருக்க அதற்கு ஒரு ரோமக் குல்லாய். பார்த்தால் கார் துடைக்கிற பிரஷ் மாதிரி இருக்கும். பிறகு கூரையில் மழை விழுகிற சத்தத்தை அப்படியே பிடித்து வைப்பார். அவ்வளவுதான் அவருடைய ஒரே கெட்ட பழக்கம்.

“வானத்துல இருந்து சும்மா விழறத டப்பாவுல அடைச்சு வைக்கிற ஒரே ஆம்பள என் வீட்டுக்காரர்தான்” என்பாள் மாஸ்டரம்மா.

ஒரே ஆம்பளை இல்லை. உலகத்தில் இப்படி இன்னும் சில பேர் இருந்தார்கள். தகரக் கூரை மழை, கண்ணாடிக் கூடார மழை, நடுக்கடலில் கப்பல் தளத்து மழை என்று ஆளுக்கொரு மழையைப் பிடித்து, தங்களுக்குள் பகிர்ந்துகொள்கிற ஒரு குழு. யாருக்கும் யார் பெயரும் தெரியாது. ஒருவர் கூரைக்காது. ஒருவர் நனைந்தபூனை. ஒருவர் தகரம். மாஸ்டர் அங்கே ஈரக்குடை.

மழை ஃபைல் ஒவ்வொன்றும் யானைக்குட்டி கனம். சத்தத்தைச் சுருக்கினால் துளி துளியாகக் கேட்காது, எண்ணெயில் வடை பொரிகிற மாதிரி கேட்கும் என்பது இவர்கள் கட்சி. அதனால் மெயிலில் அனுப்ப முடியாது. எங்கேயாவது பெரிய கம்பெனியின் கிடங்கில் போட்டு வைக்கலாம். ஆனால் கிடங்குக்காரன் எட்டிப் பார்ப்பான். ஆகவே கிடங்கே இல்லாத வழி. ஒருவர் கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபைலை மற்றவர் கம்ப்யூட்டர் நேராகத் துண்டு துண்டாக வாங்கிக்கொள்ளும். வாங்கிய துண்டை அடுத்தவருக்குக் கொடுக்கும். பந்தியில் சாப்பிட உட்கார்ந்தவரே பக்கத்து இலைக்குப் பரிமாறுகிற ஏற்பாடு. ஒரே ஒரு சட்டம்: எடுத்தால் கொடு. ஒரு மழை எடுத்தவர் என்றைக்காவது ஒரு மழை போட வேண்டும்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. நேராகக் கொடுத்து வாங்கும்போது, யாரிடமிருந்து வருகிறது என்று எதிராளிக்கு இணைய முகவரி தெரிந்துவிடும். மாஸ்டருக்கு இது பொறுக்கவில்லை. லேப்டாப் கேமராவுக்குப் பிளாஸ்திரி ஒட்டுகிற ஜாதி அவர். யோசித்து யோசித்து, குழுவுக்காகவே ஒரு வழிகாட்டி எழுதினார். முகவரி தெரியாமலிருக்க வாடகைச் சுரங்கம் மாதிரியான ஒரு வி.பி.என். வழியாகத்தான் வர வேண்டும். எந்த ஊர், எந்த நேரம் என்று ரெக்கார்டர் ஃபைலுக்குள் எழுதி வைப்பதைச் சுரண்டி எடுத்த பிறகே பகிர வேண்டும். பகிர்வதற்கென்று தனியாக ஒரு ஃபோல்டர். கல்யாண போட்டோ இருக்கிற ஃபோல்டரைத் திறந்துவிட்டு அப்புறம் அழக் கூடாது. தண்ணீர் குடிக்க எழுந்தாலும் லேப்டாப்பைப் பூட்டு. தெரியாத ஆள் செய்தி அனுப்பினால் பதில் போடாதே, திறக்கவே திறக்காதே. யார் யாரைக் குழுவுக்கு அழைத்தார் என்ற பதிவைக்கூட வைக்கக் கூடாது என்று சண்டை போட்டு ஜெயித்தவரும் அவர்தான்.

“ஈரக்குடை சொல்றபடி நடந்தா நம்மள நம்மாலயே கண்டுபிடிக்க முடியாது” என்று நனைந்தபூனை பாராட்டியது. மாஸ்டர் அந்த வழிகாட்டியை அச்செடுத்து, பிழை திருத்த மேஜையில் வைத்திருந்தார். அன்றைக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்துதான் இருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் வதந்தி. முதலில் ஒரு காலேஜ் பெண் வரவில்லை. அப்புறம் ஒரு நர்ஸ். அப்புறம் புது மாப்பிள்ளை ஒருவன், “மாஸ்டர், உடம்பு சரியில்ல” என்றான். சொன்ன குரலில் உடம்பு நன்றாகவே இருந்தது. இவர்களுக்கெல்லாம் முன்பே சத்தமில்லாமல் வருவதை நிறுத்தியவள், மெத்தைக் கடையில் பில் போடுகிற பெண். மாஸ்டரம்மா சொல்லித்தான் சேர்ந்தவள். கிளட்சை மட்டும் பாவம் பார்த்து மிதிப்பாளே தவிர, மற்றபடி கெட்டிக்காரி. டெஸ்டுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது.

கடைசியில் முடிவெட்டும் கடைக்காரர்தான் மாஸ்டரின் தாடையில் நுரையைத் தடவிக்கொண்டே சொன்னார்: “தப்பா எடுத்துக்காதீங்க மாஸ்டர். வண்டியில பேசினா பதிவாகுதாமே? அந்த பில் போடற பொண்ணு நர்ஸுகிட்ட கேட்டுச்சாம், ‘உங்க பேச்சையும் பிடிச்சாரா’ன்னு.”

மாஸ்டரின் வலது கால் நாற்காலியின் கால்மிதியை அமுக்கியது. “உங்க பேச்சையும்” என்றால்? பாதி முகத்தில் நுரையோடு எழுந்து வீட்டுக்கு ஓடினார். தெரு பார்த்தது, வதந்திக்கு இன்னொரு கை கிடைத்தது.

வீட்டில் உட்கார்ந்து பில் பெண் வந்த நாள் மழையைப் போட்டுக் கேட்டார். நல்ல மழை. முதலில் நூல் மாதிரி, அப்புறம் கயிறு மாதிரி. நடுவில் கார்க் கதவு திறந்து மூடுகிற சத்தம். நினைவு வந்துவிட்டது. ரெக்கார்டரை ஓடவிட்டு, குடையைப் பிடித்துக்கொண்டு டீ வாங்கப் போனார். பெண்ணிடம் “பதிவாகுதும்மா” என்று சொல்ல மறந்தே போனார். அவள் அந்த ரோமக் குல்லாயைப் பிரஷ் என்று நினைத்திருக்கிறாள். அவர் போனதும் தோழிக்கு போன் போட்டிருக்கிறாள்.

“லைசென்ஸ் மட்டும் கைக்கு வரட்டும்டி, அத்தான் கடைக்கு ஒரு பெரிய கும்பிடு. வேன் பார்த்து வச்சாச்சு. வீடு மாத்தறவங்களுக்கு சாமான் ஏத்தி இறக்கற வேலை, நானே முதலாளி, நானே டிரைவர். அக்காகிட்ட இன்னும் சொல்லல. சொன்னா அத்தான் அவளத்தான் பிச்சு எடுப்பாரு. அத்தான் எப்படிப் பேசுவாருன்னு சொல்லட்டா?” என்றவள், மூக்கால் இழுத்துப் பேசினாள்: “‘இது மெத்தை இல்லம்மா, மேகம்! படுத்துப் பாருங்க, எழுந்திருக்கறது உங்க சாமர்த்தியம்!’ மேகமாம். ஒரே வருஷத்துல அந்த மேகத்துல குழி விழுதுடி!”

மெத்தைக் கடை முதலாளி அவளுடைய அக்கா புருஷன். அந்தக் குரல் அச்சு அசல்.

மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். பகிர்வதற்கு முன்னால் எப்போதும் தொடக்கத்தைக் கொஞ்சம், முடிவைக் கொஞ்சம் கேட்பார். நடுவைக் கேட்க மாட்டார். பெயர், ஊர், நேரம் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டு, ஒரு பெண்ணின் ரகசியத்தை முழுசாக உள்ளே வைத்து உலகத்துக்கு அனுப்பியிருக்கிறார். ‘ரெண்டு கண்ணாடியையும் பார்த்தா போதாது, தோளைத் திருப்பிப் பாரு, கண்ணாடியில தெரியாத இடத்துலதான் சைக்கிள்காரன் வருவான்’ என்று தினமும் தொண்டை வறளக் கத்துகிற மனுஷன். ஊருக்குத்தான் உபதேசம்.

கம்பெனிக் கிடங்கில் இருந்தால் ஒரே அழிப்பில் அழித்துவிடலாம். இங்கே கிடங்கே இல்லையே. எடுத்தவர் ஒவ்வொருவர் கையிலும் முழு மழை இருக்கிறது. தன் பிரதியை அழித்துவிட்டுக் குழுவில் எழுதினார்: “நண்பர்களே, அந்தக் கார்க் கூரை மழையில் வேறொருவரின் குரல் விழுந்துவிட்டது. தவறு என்னுடையது. கேட்காதீர்கள், அழித்துவிடுங்கள். யாருக்கும் கொடுக்காதீர்கள்.”

பதில்கள் வந்தன. மழை ரசிகர்கள் நல்லவர்கள். கூரைக்காது எழுதியது: “அழித்துவிட்டேன். குரலா? எனக்கு அந்த இடம் வருவதற்குள் தூக்கம் வந்துவிடும்.” தகரம் எழுதியது: “நானும் தூங்கியவன்தான்.” நனைந்தபூனை மட்டும், “உங்கள் மழையை முழுசாகக் கேட்டவர் யாருமே இல்லை என்று சொன்னால் வருத்தப்படுவீர்களா?” என்று கேட்டது. வேறொரு நாளாக இருந்தால் வருத்தப்பட்டிருப்பார்.

எல்லாரும் அழித்தார்கள், ஒரே ஒருவரைத் தவிர. பெயர் ஓட்டைவாளி. இந்த ஓட்டைவாளி கார்க் கூரை மழைகளாகத் தேடித் தேடி எடுத்திருக்கிறது. பதிலுக்கு ஒரு சொட்டு கொடுத்ததில்லை. மாஸ்டர் செய்தி அனுப்பினார். பதில் இல்லை. கெஞ்சி அனுப்பினார். திறக்கப்படவே இல்லை. முகவரியைத் தேடினார், சுரங்கத்தின் வாய்தான் தெரிந்தது. அழைத்தவர் யார் என்று கேட்டார்.

“அந்தப் பதிவை வைக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?” என்றது தகரம்.

தெரியாதவர் செய்தியைத் திறக்கவே திறக்காதே என்று சொன்னதும் அவரேதான். குழுவில் அந்த வழிகாட்டியை ஒரு எழுத்துப் பிசகாமல் பின்பற்றிய ஒரே ஆள் ஓட்டைவாளி. நல்ல மாணவர் கிடைக்கவில்லையே என்று வாத்தியார்கள் ஏங்குவார்கள். மாஸ்டர் கிடைத்ததற்காக அழுதார். அது எந்தத் தேசத்து ஆளோ, யாருக்கெல்லாம் போட்டுக் காட்டுகிறதோ, அந்தப் பெண்ணின் வேன் விஷயத்தை அவளுக்கு முன்னால் யார் அவள் அக்கா வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தப் போகிறார்களோ என்று சோறு இறங்கவில்லை. அவளைப் போய்ப் பார்த்துச் சொல்லலாம் என்றால், என்னவென்று சொல்வது? ‘உன் ரகசியம் வெளியே போயிடுச்சும்மா, யார் கையில இருக்குன்னு மட்டும் தெரியல’ என்றா?

மறுநாள் மத்தியானம். வகுப்புக்கு யாரும் வராததால் மாஸ்டர் வீட்டில் இருந்தார். வழக்கமாக அந்த நேரத்தில் வீட்டில் இருக்கமாட்டார். மாஸ்டரம்மா சாப்பிட வந்திருந்தாள். சமையலறையில் பாத்திரச் சத்தம். மாஸ்டர் லேப்டாப்பைத் திறந்தார். ஓட்டைவாளி உள்ளே வந்திருந்தது! அவர் முன்பு குடைமேல் பிடித்த மழை ஒன்றை அது எடுக்க ஆரம்பித்தது. சாதாரணமாக ஆமை மாதிரி போகிற ஃபைல், கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்ச் சேர்ந்தது. இந்த வேகம் எந்தத் தேசத்துக்கும் கிடையாது. மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஓட்டைவாளியின் முகவரியைப் பார்த்தார். வீட்டு ரவுட்டர் தன் சொந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் கொடுக்கிற எண் அது.

வழிகாட்டியிலேயே எழுதியிருந்தார்: ‘ஒரே வீட்டுக்குள் ஆள் தேடும் வசதியை அணைத்து வை; அது சுரங்கத்தைத் தாண்டி நேராகக் கைகொடுத்துவிடும்.’ அவர் மட்டும் அணைக்கவில்லை. நம் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்கிற தைரியம்.

மெதுவாக எழுந்து சமையலறைக்குப் போனார். கீல் உடைந்ததென்று அவர் ஒதுக்கிப்போட்ட பழைய லேப்டாப்பை மாஸ்டரம்மா அரிசி டப்பாவில் சாய்த்து வைத்து, ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தாள். அதில் தையல் வீடியோ பார்ப்பதாகத்தான் இவ்வளவு நாளும் சொல்லியிருந்தாள். பக்கத்தில் அவருடைய வழிகாட்டியின் அச்சுப் பிரதி, எண்ணெய்க் கறையோடு.

“ஓட்டைவாளி!” என்றார் மாஸ்டர்.

மாஸ்டரம்மா திரும்பினாள். பிடிபட்டவள் முகம் இல்லை அது. ‘இவ்வளவு நாள் ஆச்சா உங்களுக்கு’ என்கிற முகம். “பின்ன என்னங்க? மழை வந்தா கார்க் கண்ணாடிய ஏத்திக்கிட்டு உள்ளயே உக்காந்திருக்கார் உங்க வீட்டுக்காரர்னு பழக்கடைக்காரர் ஒரு மாதிரியா சிரிச்சாரு. பார்த்துடறேன்னு உங்க லேப்டாப்பத் திறந்தேன். தண்ணி குடிக்க எழுந்தாலும் பூட்டணும்னு எழுதினீங்களே, குளிக்கப் போனப்போ பூட்டினீங்களா? உங்க பேர்ல எனக்கு நானே அழைப்பு அனுப்பிக்கிட்டேன். எந்த சக்களத்தியோன்னு கேட்டா, மழை! ஒவ்வொண்ணா எடுத்துக் கேட்டேன், எல்லாம் மழை!”

“கேட்டு...?”

“தூங்கிட்டேன்” என்றாள். குரல் கொஞ்சம் இறங்கியது. “நல்லாத்தாங்க இருக்கு. இத்தனை வருஷம் கிண்டல் பண்ணிட்டு எப்படி வந்து சொல்றது?”

இன்னொரு சமயமாக இருந்தால் மாஸ்டர் அந்த வாக்கியத்தை ஃபிரேம் போட்டு மாட்டியிருப்பார். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதையாக, அடுப்படியிலேயே இருந்த ஆளை உலகமெல்லாம் தேடியிருக்கிறார். சந்தோஷத்தில் கை கூப்பினார். “உன் கையிலதான் இருக்குன்னா போதும்மா. அழிச்சிடு. வேற எங்கயும் வைக்கலையே?”

“கடையில ஒரு பென் டிரைவுல போட்டுக் கொடுத்திருக்கேன். மெத்தையில படுத்துப் பாக்கறவங்களுக்கு ஸ்பீக்கர்ல மழை ஓடுது. முதலாளிக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு.”

“எந்தக் கடை?”

“நான் எத்தனை கடையில வேலை பாக்கறேன்?”

மாஸ்டரின் கால் தரையை மிதித்த மிதியில் அரிசி டப்பா ஆடியது. மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னார். “ஐயோ, அதையா போட்டுக் கொடுத்தேன்!” என்றாள் மாஸ்டரம்மா. கடையில் அவள் பின்கட்டில் மிஷினோடு மிஷினாகக் கிடப்பவள். முன்னால் ஸ்பீக்கர் என்ன பேசுகிறது என்று கேட்டதே இல்லை.

ரெண்டு பேரும் காருக்கு ஓடினார்கள். மாஸ்டர் ஏறி, பெல்ட் போட்டு, “ம், மெதுவா கிளட்சை விடுங்க” என்றார்.

“யாருகிட்ட சொல்றீங்க? ஸ்டீயரிங் இந்தப் பக்கம் இருக்கு!” என்றாள் மாஸ்டரம்மா. பழக்க தோஷத்தில் அவர் சொல்லிக்கொடுக்கிற சீட்டில் ஏறியிருந்தார். இறங்கிச் சுற்றி வந்து ஓட்டினார். அப்போதும்கூட சிக்னலுக்கு நின்றார், பாதசாரிக்கு நின்றார், ஒரு நாய்க்குக்கூட நின்றார். “பதறின காரியம் சிதறும்” என்றார். “சிதறப் போறது அந்தப் பொண்ணோட வேனு!” என்றாள் மாஸ்டரம்மா.

மெத்தைக் கடையில் மழை பெய்துகொண்டிருந்தது. நல்ல ஸ்பீக்கர். ஒரு கணவனும் மனைவியும் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு மெத்தையில் விட்டத்தைப் பார்த்தபடி படுத்திருந்தார்கள். பக்கத்து மெத்தையில் முதலாளி, கையை வயிற்றில் கோத்து வைத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். விளம்பரத்துக்காக என்பார், உண்மையில் மழை போட்டால் அவருக்குத் தாங்காது. கல்லாவில் பில் பெண். மாஸ்டரையும் மாஸ்டரம்மாவையும் சேர்ந்தாற்போல் பார்த்ததும் அவள் முகம் கதவடைத்த கடையானது.

ஸ்பீக்கரில் கார்க் கதவு திறந்து மூடியது. பில் பெண் சட்டென்று மூக்கைப் பிடித்துக்கொண்டு “ஹச்!” என்று தும்மினாள். தொடர்ந்து தும்மல், தும்மல் மேல் தும்மல். மழைக்கு நடுவே அவள் குரல் பேச ஆரம்பித்ததும், கும்பிடும், வேனும், அக்காவும் அந்தத் தும்மல்களில் மூழ்கிப் போயின. ஆனால் தும்மலுக்கும் மூச்சு வாங்க வேண்டுமே. அந்த இடைவெளியில் மூக்கால் இழுத்த குரல் தெளிவாகக் கேட்டது: “இது மெத்தை இல்லம்மா, மேகம்! படுத்துப் பாருங்க...”

தூக்கத்திலேயே முதலாளி புன்னகை செய்தார். “எழுந்திருக்கறது உங்க சாமர்த்தியம்” என்று கண்ணைத் திறக்காமல் முடித்து வைத்தார்.

அடுத்தது குழி விழுகிற வாக்கியம். மாஸ்டரின் வலது கால் கடைத் தரையைத் தேயத் தேய மிதித்தது. ஸ்பீக்கர் நிற்கவில்லை. அப்புறம்தான் கைக்குப் புத்தி வந்து, பாய்ந்து பென் டிரைவைப் பிடுங்கினார்.

மழை நின்றது. மழை நின்றதும் முதலாளி விழித்துக்கொண்டார். “என்னாச்சு? யாரு நிறுத்தினது? ஆமா, யாரோ நம்ம டயலாக்க சொன்னாங்களே?”

“நீங்கதான் சார் சொன்னீங்க” என்றார் படுத்திருந்த கணவன். பொய் இல்லை, பாதியை அவர்தான் சொன்னார்.

“தூக்கத்துலகூட வியாபாரம்!” என்று முதலாளி தன்னைத்தானே மெச்சிக்கொண்டார். “ஏம்மா, உன் ஜலதோஷம் இன்னும் போகலையா? நான் வாங்கிக் கொடுத்த மாத்திரையப் போட்டியா?”

பின்கட்டில், தலையணைப் பஞ்சு மூட்டைகளுக்கு நடுவே மூன்று பேரும் நின்றார்கள். பில் பெண் மாஸ்டரைப் பார்க்கவில்லை, மாஸ்டரம்மாவைப் பார்த்தாள். “புருஷன் பிடிக்கிறாரு, பொண்டாட்டி கடையில ஓட்டுறீங்க. நான் என்னக்கா பண்ணேன் உங்களுக்கு? அந்த இடம் வரப்போ எல்லாம் தும்மித் தும்மி எனக்கு மூக்கே இல்ல. இதுல அத்தான் வேற பாசமா மாத்திரை வாங்கிக் கொடுக்கிறாரு, அதத்தான் என்னால தாங்க முடியல.”

“அம்மா தாயே, எனக்கு சத்தியமா தெரியாதுடி” என்றாள் மாஸ்டரம்மா.

“தெரியாதுங்கறதுதான் தப்பே” என்றார் மாஸ்டர். அவருக்குக் கோர்வையாகப் பேச வராது. வண்டி பாஷைதான் வரும். “என்னை யாரும் பாக்கக் கூடாதுன்னு எல்லாக் கண்ணாடியையும் கறுப்பாக்கினேன்மா. என் வண்டியில யாரு உக்காந்திருக்காங்கன்னு திரும்பிப் பாக்கல. உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்கல. எடுத்தவங்க எல்லாரும் அழிச்சிட்டாங்க. மிச்சம் ரெண்டே பிரதி, ஒண்ணு இது.” பென் டிரைவை அவள் கையில் வைத்தார். “வீட்டு லேப்டாப்புல இருக்கறத உன் கண்ணு முன்னாலயே அழிக்கிறேன். வெளியில வேற யாராவது கேட்டிருப்பாங்களான்னு கேட்டா, எல்லாரும் தூங்கிட்டோம்னு எழுதியிருக்காங்க. நம்பறேன். அதுக்கு மேல உறுதி சொல்ல எனக்கு யோக்கியதை இல்ல.”

பில் பெண் பென் டிரைவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெளியே முதலாளியின் குரல் புது வாடிக்கையாளரிடம் மேகத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது. கோபத்தை இழுத்துப் பிடித்து நின்றவளுக்கு, அந்தக் குரலைக் கேட்டதும் முதலில் தோள் குலுங்கியது. அப்புறம் சிரிப்பு பீறிட்டது. மாஸ்டரம்மா ஒரு தலையணையை எடுத்து அவள் வாயில் அமுக்கினாள். தன் வாயிலும் ஒன்றை அமுக்கிக்கொண்டாள்.

“சாயங்காலமே அக்காகிட்ட சொல்லிடறேன்” என்றாள் பெண், சிரித்து முடித்து. “இன்னொரு தடவை தும்ம என்னால ஆகாது.”

சொன்னாள். அக்கா அழவில்லை, “வேன் என்ன கலர்டி?” என்று கேட்டாளாம். அத்தான் மட்டும் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மெத்தை டெலிவரிக்கு வேன் வாடகை என்னாகிறது என்று யாரோ அவருக்கு நினைவூட்டிய பிறகு, முதல் சவாரியே அவர் கடை மெத்தைதான். டெஸ்டில் கிளட்சைப் பாவம் பார்க்காமல் மிதித்துத் தேறினாள். “மாஸ்டர் பிடிச்சதெல்லாம் மழைதான், நான்தான் தப்பா நினைச்சுட்டேன்” என்று நர்ஸிடமும், நர்ஸ் மூலமாக முடிவெட்டும் கடையிலும் சொல்லி வைத்தாள். பழக்கடைக்காரர் மட்டும் இன்றுவரை நம்பவில்லை. “மழையையா விக்கிறாரு? வெளிநாட்டுல மழை இல்லையா?” என்கிறார்.

இப்போது மாஸ்டரின் காரில் ரோமக் குல்லாய்க்குப் பக்கத்தில் ஒரு அட்டை: ‘இது பிரஷ் அல்ல. மழை வந்தால் உங்களைக் கேட்டுவிட்டுத்தான் போடுவேன்.’ வழிகாட்டியின் தலையிலும் ஒரு வரி ஏறியிருக்கிறது: ‘முதலில், பக்கத்து சீட்டில் இருப்பவரைக் கேள். பிறகு உன்னை ஒளித்துக்கொள்.’ தொடக்கம், நடு, முடிவு என்று முழுசாகக் கேட்ட பிறகே எதையும் பகிர்கிறார். நடுவில் பாதி நாள் தூங்கிவிடுகிறார், மறுபடி முதலிலிருந்து கேட்கிறார். அதனால் ஈரக்குடையின் புது மழைகள் குழுவுக்குத் தாமதமாகத்தான் வருகின்றன.

வீட்டுக்குள் ஆள் தேடும் வசதியை அவர் இன்னும் அணைக்கவில்லை. கேட்டால், “மறந்துட்டேன்” என்கிறார்.

பாக்கி இருப்பது ஓட்டைவாளியின் கடன்தான். எடுத்தால் கொடு என்பது சட்டம். இத்தனை மழையை விழுங்கியதற்கு எல்லாவற்றையும் கேட்கவில்லை, ஒரே ஒரு மழை போட்டால் போதும் என்று குழு பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டது. மாஸ்டரம்மா பின்வாசலில் நிஜமாகவே ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்து, ரெக்கார்டரை அடியில் மறைத்து, தயாராக இருந்தாள். அன்றிலிருந்து வானம் பளிங்கு. போன வாரம் பொறுமை போய், செடிக்குத் தண்ணீர் விடுகிற குழாயை வாளி மேல் பிடித்து, அதைப் பதிவு செய்து, குழுவில் போடப் போனாள். மாஸ்டர் கேட்ட மாத்திரத்தில் எழுந்து உட்கார்ந்தார்.

“குழாய்த் தண்ணி!”

“தண்ணி தண்ணிதாங்க.”

“கள்ள மழைம்மா இது. நான் ஜாமீன் போட்டுக் கூட்டிட்டு வந்த ஆளு நீ.”

“நீங்க எங்க கூட்டிட்டு வந்தீங்க? நானேதான் உங்க பேர்ல வந்தேன்” என்றபடி அந்த ஃபைலை அழித்தாள். குழுவில் தகரம் கேட்டிருந்தது: ‘ஓட்டைவாளி, கடன் என்னாச்சு?’ இப்போதெல்லாம் அவள் செய்திகளைத் திறக்கிறாள். பின்வாசலுக்கு வந்து ஒரு முறை மேலே பார்த்தாள். ஒரு பஞ்சுத் துணுக்குகூட இல்லை. உள்ளே போய் ஒற்றை விரலால் தட்டினாள்:

‘மேல கேட்டிருக்கேன். வந்ததும் தர்றேன்.’